டங்கின் டோனட்டும் வடசேரி பழபஜ்ஜியும்: அமெரிக்க செயின் இந்தியாவில் திணறியது ஏன்?

சாயங்காலம் நாலு மணி. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வாசலில் எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். பழபஜ்ஜி, உளுந்தவடை, போண்டா. சட்டியிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு, அங்கிருந்து பேப்பர் துண்டுக்கு. இடையில் பத்து நிமிடம்கூட ஆகாது.

உலகின் பெரிய டோனட் செயின்களில் ஒன்றான டங்கினும் இப்படி ஒரு சட்டியில்தான் தொடங்கியது. அதன் முதல் கடைக்குப் பெயரே 'ஓப்பன் கெட்டில்', அதாவது திறந்த சட்டி. பிறகு பல நாடுகளுக்குப் போன அந்த நிறுவனம் 2012ல் இந்தியாவுக்கு வந்தது. 500 கடைகள் திறக்கும் கனவோடு வந்தது, நூறைக்கூடத் தொடவில்லை.

டோனட் அல்ல, காலை நேரம்

வில்லியம் ரோசன்பர்க் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பாஸ்டன் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வண்டியில் சாப்பாடு கொண்டுபோய் விற்றார். கணக்குப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. விற்பனையில் சுமார் 40 சதவீதம் காபியும் டோனட்டும்தான். சரி, அதை மட்டுமே விற்போம் என்று 1948ல் மாசசூசெட்ஸின் குவின்சி ஊரில் கடை போட்டார். டோனட் 5 சென்ட், காபி 10 சென்ட். 1950ல் கடைக்கு 'டங்கின் டோனட்ஸ்' என்று பெயர் மாறியது. 1955ல் முதல் பிரான்சைஸ் கொடுத்தார்.

வேலைக்குப் போகும் வழியில் ஒரு காபி, கூடவே கையில் பிடித்துத் தின்ன ஒரு இனிப்பு. அமெரிக்கத் தொழிலாளியிடம் ஏற்கெனவே இருந்த இந்தப் பழக்கத்துக்குத்தான் ரோசன்பர்க் கடை கட்டினார். பழக்கத்தை அவர் உருவாக்கவில்லை. 2019 ஜனவரியில் நிறுவனம் தன் பெயரிலிருந்தே 'டோனட்ஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. உண்மையில் அது காபிக் கடை என்பதை அதுவே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

வெளிநாடு போனால் இந்தப் பழக்கம் கூட வருமா? ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். டங்கின் அங்கே 1970ல் போனது, 1998ல் மூட்டை கட்டியது. ரோசன்பர்க்கின் முன்னாள் பங்குதாரரும் உறவினருமான ஹாரி வினோகர் தொடங்கிய 'மிஸ்டர் டோனட்' 1971ல் அதே ஜப்பானுக்குப் போனது. அதை நடத்திய ஜப்பானிய நிறுவனம் உள்ளூர் வாய்க்கு ஏற்ப மாவையே மாற்றியது. அரிசி மோச்சி போல இழுபடும் 'போன் டே ரிங்' டோனட் 2003ல் வந்து பெரிய ஹிட். பிறந்த அமெரிக்காவில் மிஸ்டர் டோனட் கிட்டத்தட்ட மறைந்துபோனது. ஜப்பானில் தெருவுக்குத் தெரு தெரிந்த பெயர்.

டெல்லியில் ஆரம்பம், பர்கரில் திருப்பம்

இந்தியாவுக்கான உரிமையை 2011ல் வாங்கியது ஜூபிலண்ட் ஃபுட்வொர்க்ஸ். இங்கே டோமினோஸ் பீட்சாவை நடத்தும் அதே நிறுவனம். 15 ஆண்டுகளில் 500 கடைகள் என்று திட்டம். முதல் கடை 2012ல் டெல்லி கன்னாட் பிளேஸில். அதற்கு முன்பே 2008ல் 'மேட் ஓவர் டோனட்ஸ்' முட்டையே சேர்க்காத டோனட்டுடன் டெல்லி வட்டாரத்தில் இறங்கியிருந்தது. 'கிறிஸ்பி கிரீம்' 2013ல் பெங்களூருக்கு வந்தது.

டங்கினுக்குச் சிக்கல் சீக்கிரமே தெரிந்தது. காலையில் டோனட் தின்ன ஆள் இல்லை. உடனே 'டஃப் கை' என்ற பெயரில் பர்கர் விற்க ஆரம்பித்தார்கள். பர்கர் என்றால் மெக்டொனால்ட்ஸ், கேஎஃப்சியோடு மோத வேண்டும், பெரிய இடம் வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். 2016 வாக்கில் 70ஐத் தாண்டியிருந்த கடைகள் அடுத்த இரண்டே ஆண்டில் ஏறக்குறைய பாதியாகின. அதே நிறுவனத்தின் டோமினோஸ் 2,000 கடைகளைத் தாண்டி ஓடுகிறது. ஆக, நடத்தத் தெரியாமல் போகவில்லை. பீட்சாவுக்கு ராத்திரி ஆர்டர் என்ற இடம் காலியாக இருந்தது. டோனட்டுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

நாகர்கோவிலில் என்ன கணக்கு?

காகிதத்தில் பார்த்தால் கன்னியாகுமரி மாவட்டம் செயின்களுக்கு அருமையான சந்தை. 2011 கணக்கெடுப்புப்படி மக்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். எழுத்தறிவில் மாநிலத்தில் முதலிடம். முட்டை ஒரு பிரச்சினையே இல்லை, கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக் விற்காத பேக்கரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் அந்த 'நகர்ப்புறம்' ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த டோனட் ஒரு நாளில் காய்ந்துவிடும். அதனால் பெரிய செயின்கள் பொதுவாக ஒரு மையச் சமையல்கூடத்தில் செய்து, சுற்றியுள்ள பல கடைகளுக்குத் தினமும் வண்டியில் அனுப்புகின்றன. பத்துப் பதினைந்து கடைகள் பக்கத்தில் இருந்தால்தான் வண்டிச் செலவு கட்டும். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஒவ்வொன்று வைத்தால் கட்டாது.

அதைவிடப் பெரிய விஷயம் நேரம். டெக்னோபார்க் வேலைக்குக் காலை ரயில் பிடிக்கிறவர் வீட்டில் புட்டோ இடியாப்பமோ சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். மிச்சம் இருப்பது மாலை நாலு மணி. அதைத்தான் பழபஜ்ஜி பிடித்து வைத்திருக்கிறதே! சூடாக, கண்முன்னே பொரித்து, ஒரு பிராண்டட் டோனட் விலையில் டீயோடு இரண்டு மூன்று பேர் சாப்பிடும் அளவுக்கு.

'உங்க ஊர்ல கிளை' என்று போன் வந்தால்

இந்தக் கதையில் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இன்னொன்று. வளைகுடாவில் சேர்த்த பணத்தை, அல்லது வேலையை விட்டபோது வந்த பணத்தை, 'ஒரு நல்ல பிராண்ட் எடுத்துப் போட்டுடலாம்' என்று நினைப்பவர்கள் நாஞ்சில் நாட்டில் நிறைய.

அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், பணமோ கையெழுத்தோ வாங்குவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் விவர ஆவணம் தர வேண்டும். கட்டணம், வழக்குகள், கடந்த ஆண்டுகளில் எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது எல்லாம் அதில் இருக்கும். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. ஒப்பந்தத்தில் கேட்டு வாங்காத தகவல் தானாகக் கைக்கு வராது.

அதோடு, எல்லா பிராண்டும் தனிநபருக்குக் கிளை தருவதில்லை. டோமினோஸ் கடைகளை ஜூபிலண்ட் தானே நடத்துகிறது. ஆனாலும் பிரபல உணவு நிறுவனங்களின் பெயரில் போலி இணையதளம் வைத்து, 'பதிவுக் கட்டணம்', 'என்ஓசி கட்டணம்' என்று லட்சக்கணக்கில் வாங்கிய கும்பல்களைப் பல மாநிலங்களில் போலீஸ் பிடித்திருக்கிறது. இந்தியாவுக்கான உரிமை யாரிடம் இருக்கிறது, அவர்கள் தனிநபருக்குக் கொடுக்கிறார்களா என்று அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ அலுவலகத்திலோ நேரே கேட்டால் பாதி வில்லங்கம் அங்கேயே தெரிந்துவிடும். உண்மையான பிராண்டாகவே இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை கடை மூடினீர்கள் என்பது.

2011ல் சொன்ன 15 ஆண்டுக் கணக்கு 2026ல் முடிகிறது. இதற்கிடையில் டோனட் மட்டும் எந்தப் பெயரும் இல்லாமல் உள்ளூர் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து, க்ரீம் பன்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.