குவாய்க் கரையில் பெயரற்றோர்

பாங்காக் செல்லும் நம்மவர் காஞ்சனபுரிக்கும் ஒருநாள் பயணம் போய்வருகின்றனர். குவாய்ப் பாலத்தின்மீது நின்று படம் பிடிக்கின்றனர். மரண ரயிலில் ஏறி மகிழ்கின்றனர். போர்க் கல்லறைத் தோட்டத்தின் பசும்புல்லை வியக்கின்றனர். 'எல்லாம் பார்த்தோம்' என்று திரும்புகின்றனர். எதைப் பார்த்தீர்கள் என்று நாம் கேட்கிறோம்.

அவர்களை அங்கு ஈர்ப்பது 1957இல் வந்த ஆங்கிலத் திரைப்படம். அதுவோ இலங்கையில் எடுக்கப்பட்டது! மெய்யான பாலம் நின்றது மேக்லோங் ஆற்றின்மீது. படம் புகழ்பெற்ற பின்னரே அப்பகுதிக்குக் குவாய் எனப் பெயர் சூட்டினர். கற்பனைக்காக ஆறு பெயர் மாறிற்று. மாண்ட மனிதர்க்கோ பெயரே இல்லை.

1942-43இல் ஜப்பானியர் அமைத்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர் மடிந்தனர். ஆசியத் தொழிலாளரோ 80,000 முதல் 1,00,000 வரை என மதிப்பிடுகின்றனர். சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசைகாட்டியும், பின்னர் வலிந்து பிடித்தும் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர், மலாய், ஜாவா முஸ்லிம்கள், பர்மியர். காலராவும் வயிற்றுக்கடுப்பும் பசியும் அவர்களைத் தின்றன. கபனும் ஜனாஸாத் தொழுகையும் கிட்டாமலே குழிகளில் தள்ளப்பட்டோர் எத்தனை பேர்! வயிற்று நோயால் இறந்த முஃமினுக்கு ஷஹீதின் தகுதி உண்டென்ற நபிமொழியை மிம்பரில் கேட்டுத் தலையசைக்கிறோம். அத்தகையோர் கிடக்கும் மண்ணை மிதிக்கையில் நாவில் ஒரு துஆ எழுவதில்லை.

கல்லறைத் தோட்டத்தை நாம் பழிக்கவில்லை. அங்குறங்கும் ஏறத்தாழ 7,000 பேரும் கொடுமைக்கு இரையானோரே. ஆனால் படைப் பதிவேட்டில் இருந்தவர்க்கே கல்லில் பெயர் கிடைத்தது, கூலிக்குப் பதிவேடேது? அத்தோட்டத்து வாயிற்கட்டடத்தில் பிரியாத இந்தியாவின் படைவீரர் 11 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தாய்லாந்து முஸ்லிம் மையவாடிகளில் அடக்கமாகி, கபுறுகளைப் பராமரிக்க இயலாமற்போனவர்கள் அவர்கள். நம்மவருள் எவர் நின்று வாசித்தார்?

'இன்பப் பயணத்தில் பிள்ளைகளைக் கலங்கச் செய்வானேன்?' என்பர். மரணத்தைக் காட்டலாகாதெனில் மரண ரயிலுக்குச் சீட்டு வாங்குவானேன்? கபுறுகளைச் சந்திக்க அனுமதி வந்ததே மறுமையை நினைப்பதற்கன்றோ!

மலேசியத் தமிழரின் முயற்சியால் காஞ்சனபுரி விகாரையொன்றில் அத்தொழிலாளருக்கென அண்மையில் ஒரு நடுகல் எழுந்துள்ளது. வண்டியை அங்கே நிறுத்தச் சொன்ன ஒரு குடும்பத்தை நாம் இன்னும் கேள்விப்படவில்லை.