ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: தக்காளி ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகும் பிக்கப் வண்டியில் இரண்டு வருடத்தில் இரண்டு ரேடியேட்டர் ஓட்டையாகிவிட்டது. போன முறை பாதி வழியிலேயே இன்ஜின் சூடேறி நின்றது, லோடு வீண். தண்ணீர் குறைந்தால் தோட்டத்து போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். அதுதான் காரணமா?
- வாசகர், இராயக்கோட்டை

பதில்: பெரும்பாலும் அதுதான். ஜி.ஐ. குழாயில் பித்தளை வால்வை நேராக முடுக்கிய இடத்தைப் பாருங்கள். சில வருடத்தில் வால்வு அப்படியே இருக்கும். ஒட்டியிருக்கும் குழாய் முனை அரித்துப்போய் ஒழுகும். வேறு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, உப்புத் தண்ணீரிலும் நனைந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் ஒரு உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். இதற்கு கால்வானிக் அரிப்பு என்று பெயர். 1780-களில் தவளைக் கால் துடிப்பதைக் கவனித்த இத்தாலிக்காரர் கால்வானியின் பெயர் அது. ஜி.ஐ. குழாயின் ‘கால்வனைஸ்டு’ என்ற சொல்லும் அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

வண்டியில் இன்ஜின் பிளாக் பெரும்பாலும் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இப்போதைய ரேடியேட்டரும் அலுமினியம்தான். பழைய டிராக்டர்களில் செம்பு, பித்தளை. இந்தக் கூட்டத்தில் கரைவது அலுமினியம். ரேடியேட்டர் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருந்தாலும் தப்பாது. தண்ணீரில் கரைந்து வரும் செம்பு அதன் உள்பக்கத்தில் படிந்தால், படிந்த இடத்திலேயே அரிப்பு தொடங்கும். குழாய்கள் மெல்லியவை என்பதால் ஒழுகலும் அங்கேதான் முதலில் தெரியும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பாறை போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகமுள்ள இடங்கள் பல. குடிக்கவே ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது, ஃபுளோரைடுக்காக. இன்ஜினுக்கு எதிரி குளோரைடு. அலுமினியத்தின் மேலிருக்கும் காப்புப் படலத்தை அது ஊசி குத்தியதுபோலத் துளைக்கும். சுண்ணாம்பு உப்போ, வெந்நீர் அண்டாவில் படிவதுபோல உள்ளே படிந்து சூட்டை வெளியே விடாது.

“ஓசூரில் தண்ணீர் உறையப்போவதில்லையே, கூலன்ட் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் பாதி வேலை. மீதிப் பாதி, அதிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்து. அந்த மருந்து நாளாக ஆகத் தீர்ந்துவிடும். வண்டிப் புத்தகம் சொல்லும் வகையை, சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு வகையைக் கலக்கவும் வேண்டாம். கெட்டியான கூலன்ட்டில் கலக்க பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். வழியில் வற்றிவிட்டால், இன்ஜின் ஆறிய பிறகு கிடைத்த நல்ல தண்ணீரை ஊற்றி ஊர் சேருங்கள். ஆனால் வந்ததும் முழுவதையும் வடித்துப் புதிதாக நிரப்புங்கள்.

மோட்டார் ரிப்பேருக்கு வைத்திருக்கும் மல்டிமீட்டரால் ஒரு சோதனை செய்யலாம். இன்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சிவப்பு முனை கூலன்ட்டில், உலோகத்தைத் தொடாமல். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கூலன்ட் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அடுத்து விளக்கு, ஃபேன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது அளவு எகிறுகிறதோ, அதன் எர்த் ஒயரில் கோளாறு. கூடுதல் விளக்கு மாட்டியவர்கள் எர்த்தை ரேடியேட்டர் பிராக்கெட்டில் முடுக்கியிருந்தால் கழற்றி, பேட்டரி நெகட்டிவுக்கோ சேசிஸுக்கோ கொண்டுபோகச் சொல்லுங்கள். அது சரியாகாமல் மூன்றாவது ரேடியேட்டர் மாட்டியும் பயனில்லை.

வடித்த கூலன்ட்டைத் தொட்டியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் கன்றும் நக்கும், கொடிய விஷம். மூடியுள்ள கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.