கை தட்டினால் ஓட்டு விழுமா?

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டால் ஊரெல்லாம் திருவிழாதான். பலூன்கள் பறக்கும். பாண்டு வாத்தியம் முழங்கும். அபேட்சகரின் பெயர் அச்சிட்ட அட்டைகள் தலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆடும். தலைவர் மேடை ஏறியதும் எழுகிற கூச்சலில் அவர் பேசுவதே காதில் விழாது.

இவ்வளவு ஆரவாரமும் ஓட்டாக மாறுகிறதா?

பல தடவை மாறியதில்லை. சில தடவை மாறியிருக்கிறது. எந்த ஆரவாரம் ஓட்டாயிற்று, எது வெறும் தொண்டைப் புண்ணோடு நின்றது என்று பிரித்துப் பார்ப்பது அரசியல்வாதிகளைவிட அவர்களுக்காகக் கத்துகிறவர்களுக்கே அதிகம் பயன்படும்.

அங்கே இரண்டு கட்டமாகப் போட்டி நடக்கிறது. நவம்பரில் நடப்பது கட்சிக்கும் கட்சிக்கும் போட்டி. அதற்குமுன், ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் வரையில், மாகாணம் மாகாணமாக நடப்பது ஒரே கட்சிக்குள் நடக்கிற போட்டி. இதைத்தான் பூர்வாங்கத் தேர்தல் என்பது. கட்சியின் அபேட்சகர் யார் என்பதை மேலிடம் தீர்மானித்த காலம் போய், 1972-ம் ஆண்டிலிருந்து அநேகமாக ஓட்டர்களே இப்படித் தீர்மானிக்கிறார்கள். ஆகவே பங்காளிச் சண்டையின் சூடு முழுவதும் இந்தத் தேர்தலில் உண்டு. கூச்சலும் இதில்தான் அதிகம்.

ஆரஞ்சுத் தொப்பி

2003-ம் ஆண்டில் ஜனநாயகக் கட்சியில் எங்கு பார்த்தாலும் ஹோவர்ட் டீன் பேச்சுத்தான். வெர்மான்ட் மாகாணத்தின் முன்னாள் கவர்னர். தொழிலால் டாக்டர். ஈராக் யுத்தம் கூடாது என்று துணிந்து பேசினார். வாலிபர்கள் திரண்டார்கள். இண்டர்நெட் வழியாகச் சிறுசிறு தொகையாக நன்கொடை வந்து குவிந்தது. அவர் போகிற ஊரெல்லாம் கூட்டம் அலைமோதியது. பந்தயத்தில் முந்தி நிற்கும் குதிரை அவர்தான் என்று பத்திரிகைகள் எழுதின.

முதல் போட்டி அயோவா மாகாணத்தில். விவசாய பூமி. டீனுக்காக வெளி மாகாணங்களிலிருந்து சுமார் 3,500 தொண்டர்கள் வந்து இறங்கினார்கள். எல்லார் தலையிலும் ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி. ஜனவரி மாதக் கடுங்குளிரில், பனியில் கால் புதைய, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். அவர்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அயோவாவில் நடந்தது பெட்டியில் சீட்டுப் போடுகிற தேர்தல் அல்ல. மாலையில் அந்தந்த வட்டாரத்து ஓட்டர்கள் பள்ளிக்கூடத்திலோ மாதாகோவிலிலோ வாசகசாலையிலோ கூடுவார்கள். டீன் ஆட்கள் இந்த மூலை, கெர்ரி ஆட்கள் அந்த மூலை என்று எல்லார் கண்ணெதிரிலும் பிரிந்து நிற்பார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர்கூடச் சேராத கோஷ்டி பெரும்பாலும் கலைந்து வேறு கோஷ்டிக்குப் போகவேண்டி வரும். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் வருவார். தோளில் கை போட்டு, "இங்கே வந்து நில்லப்பா" என்பார். 2020 வரையில் ஜனநாயகக் கட்சியினர் அங்கே கையாண்ட முறை இது.

இப்படிப்பட்ட இடத்தில் யாருடைய வார்த்தை எடுபடும்? முப்பது வருஷமாகப் பழகிய எதிர்வீட்டு விவசாயியின் வார்த்தையா, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து போன வாரம் வந்த வாலிபனின் வார்த்தையா? அந்த வாலிபனுக்குக் கூட்டத்தில் ஓட்டும் கிடையாது. தொண்டர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதற்கு உதவிய தொப்பி, அவர்கள் அயலூரார் என்பதை ஊர்க்காரர்களுக்கும் தெரிவித்துவிட்டது.

2004 ஜனவரி 19-ந் தேதி இரவு முடிவு தெரிந்தது. ஜான் கெர்ரிக்கு 38 சதவீதம். ஜான் எட்வர்ட்ஸுக்கு 32. டீனுக்கு 18. மூன்றாவது இடம்.

சோர்ந்து கிடந்த தொண்டர்களை உற்சாகப்படுத்த டீன் அன்றிரவே மேடை ஏறினார். கோட்டைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். இனி எந்தெந்த மாகாணத்துக்குப் போகப் போகிறோம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி முழங்கினார். கடைசியில் ஒரு கத்துக் கத்தினார். அந்தக் கத்தலை டெலிவிஷன்காரர்கள் நாலைந்து நாட்களில் நூற்றுக்கணக்கான தடவை போட்டுக் காட்டினார்கள். நாடு சிரித்தது. "இந்த மனுஷரையா வெள்ளை மாளிகைக்கு அனுப்புவது?" என்று கேட்டது.

மண்டபத்தில் இருந்தவர்களுக்கோ இது ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் போட்ட இரைச்சலில் டீனின் குரல் அவர்களுக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை. அவர் கையில் இருந்த மைக் ஒரு தனி ரகம். பேசுகிறவர் குரலை மட்டும் வாங்கிக்கொண்டு, சுற்றுப்புறச் சத்தத்தை ஒதுக்கிவிடும். டெலிவிஷனுக்குப் போனது அந்த மைக்கின் ஒலி. ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் தானும் கத்திய மனிதர், வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, அமைதியான அறையில் காரணமில்லாமல் ஊளையிட்டவராகத் தெரிந்தார்.

பாவம், அவருக்கு அநியாயம்தான் நடந்தது. ஆனால் கத்தியதால்தான் டீன் தோற்றார் என்று இன்றும் சொல்கிறார்களே, அது சரியல்ல. அவர் தோற்ற பிறகுதான் கத்தினார். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மைக் செய்ததைத்தான் ஒவ்வொரு தேர்தலிலும் வீட்டுக் கதவு செய்கிறது. கூட்டத்தின் இரைச்சல் கதவுக்கு வெளியே நின்றுவிடும். உள்ளே இருக்கிற ஓட்டரின் காதில் விழுவது தலைவர் சொன்ன விஷயம் மட்டும்தான்.

பொத்தான் பிய்த்த கூட்டம்

கூட்டம் என்றால் 1968-ல் ராபர்ட் கென்னடிக்குச் சேர்ந்ததுதான் கூட்டம். ஐந்து வருஷத்துக்கு முன் கொலையுண்ட ஜனாதிபதியின் தம்பி. மார்ச் 16-ந் தேதி களத்தில் இறங்கினார். திறந்த காரில் நின்றபடி வருவார். ஜனங்கள் அவர் கையைப் பற்றி இழுப்பார்கள். சட்டைக் கைப் பொத்தான்கள் நாள்தோறும் பறிபோயின. காலில் கிடந்த ஜோடும் போனதுண்டு. இண்டியானாவில் கூட்டம் நெருக்கியதில் முன்பல் ஒன்றில் விள்ளல் விட்டது. அவர் காரிலிருந்து விழுந்துவிடாமல் இருக்க மெய்க்காவலர் ஒருவர் காருக்குள் மண்டியிட்டு, இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வருவார்.

இந்த மோகம் பொய்யல்ல. இண்டியானாவில் ஜெயித்தார். நெப்ராஸ்காவில் ஜெயித்தார். ஆனால் மே 28-ந் தேதி ஆரிகன் மாகாணத்தில் தோற்றார். கென்னடி சகோதரர்கள் அதற்குமுன் தேர்தல் தோல்வியையே கண்டதில்லை. ஆரிகன் ஓரளவு வசதியான, அலட்டிக்கொள்ளாத ஜனங்கள் வாழும் மாகாணம். அங்கே பொத்தான் பிய்க்க ஆள் குறைவு. அவரைத் தோற்கடித்தவர் யூஜீன் மெக்கார்த்தி. மேடையில் குரலைக்கூட உயர்த்தாதவர். அடுத்த வாரமே கென்னடி கலிபோர்னியாவில் ஜெயித்தார். வெற்றி விழா நடந்த அதே ஓட்டலில், நள்ளிரவுக்குப் பின் சுடப்பட்டார். ஜூன் 6-ந் தேதி இறந்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

சமீப காலத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரி 29-ந் தேதி பெர்னி ஸாண்டர்ஸ் பாஸ்டன் நகரத்து மைதானத்தில் கூட்டம் போட்டார். கடுங்குளிரிலும் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். மூன்றே நாளில் அந்த மாகாணத்தில் ஓட்டெடுப்பு. அங்கே ஏறத்தாழப் பிரசாரமே செய்யாத ஜோ பைடன் ஜெயித்தார்! மந்திரமல்ல. பாஸ்டனில் ஸாண்டர்ஸ் பேசிய அதே நாளில் தென் கரோலினாவில் பைடன் வென்றார். கருப்பு இன மக்களிடையே செல்வாக்குள்ள ஜிம் கிளைபர்ன் என்ற மூத்த காங்கிரஸ் அங்கத்தினர், அதற்கு மூன்று நாள் முன்னதாக அவரை ஆதரித்திருந்தார். எதிர்த்து நின்றவர்களில் இருவர் அடுத்த இரண்டு நாட்களில் விலகிப் பைடன் பக்கம் சேர்ந்தார்கள். எந்த மைதானத்துக்கும் வராத லட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே இதையெல்லாம் பார்த்து மனதை முடிவு செய்துகொண்டார்கள்.

கத்தினாலும் ஓர் ஓட்டு, கத்தாவிட்டாலும் ஓர் ஓட்டு. கூட்டத்துக்கு வருகிறவன் ஏற்கெனவே மனதைக் கொடுத்துவிட்டவன். தயங்குகிறவன் வீட்டிலேதான் இருக்கிறான்.

தோல்வி சதியாகும்போது

இதில் விளையாட்டல்லாத ஒரு பக்கமும் உண்டு. கடல்போன்ற கூட்டத்தின் நடுவே நின்றவனுக்கு நாடே தன் பக்கம் என்று தோன்றிவிடுகிறது. முன்னால் தலை, பின்னால் தலை, பக்கத்தில் தலை. எதிராளிக்கு ஓட்டுப் போடுகிற ஒரு முகத்தைக்கூட அவன் அன்றைக்குப் பார்த்ததில்லை. பிறகு தோல்வி வந்தால் எப்படி நம்புவான்? சதி என்றுதான் நினைப்பான்.

2016-ல் ஸாண்டர்ஸுக்கு அப்படித்தான். போர்ட்லண்ட் நகரத்தில் மட்டும் உள்ளேயும் வெளியேயுமாக 28,000 பேர் திரண்டதாகக் கணக்குச் சொன்னார்கள். பூர்வாங்கத் தேர்தல்கள் முடிந்தபோது ஹில்லாரி கிளிண்டன் முப்பத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுகள் முன்னே நின்றார். ஜூலையில் பிலடெல்பியாவில் கூடிய கட்சி மகாநாட்டில் ஸாண்டர்ஸ் ஆதரவாளர்கள் கூச்சல் போட்டார்கள். சிலர் கண்ணீர் விட்டார்கள். அவர்கள் கோபத்துக்குக் கொஞ்சம் ஆதாரமும் இருந்தது. கட்சி நிர்வாகிகள் கிளிண்டன் பக்கம் சாய்ந்ததைக் கடிதங்கள் அம்பலப்படுத்தவே, கட்சித் தலைவி ராஜினாமா செய்ய நேர்ந்தது. ஆனாலும் முப்பத்தைந்து லட்சம் ஓட்டு என்பது நாலு நிர்வாகிகள் கடிதம் எழுதிச் சேர்க்கக்கூடிய தொகையல்ல.

2020 நவம்பரில் இது முற்றிப்போய்விட்டது. கொள்ளை நோய்க் காலமாதலால் பைடன் பெரிய கூட்டங்களைத் தவிர்த்தார். டொனால்ட் டிரம்ப் நடத்தினார். பைடனுக்கு 8 கோடிக்கு மேல் ஓட்டு விழுந்தது. "கூட்டமே சேராத ஆளுக்கு இத்தனை ஓட்டா?" என்று டிரம்ப் ஆதரவாளர்கள் பலர் கேட்டார்கள். கோர்ட்டுகள் வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளின. சந்தேகம் தீரவில்லை. 2021 ஜனவரி 6-ந் தேதி ஒரு கும்பல் பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, தலைகளை எண்ணியதே ஓட்டை எண்ணியது ஆகிவிட்டது என்ற நம்பிக்கை.

சீட்டில் நாலு பெயர்

அப்படியானால் கூட்டமே வீண் என்று சொல்லலாமா? கூடாது. டிரம்ப்புக்கு 2015 ஆகஸ்டில் அலபாமா மாகாணத்தின் மொபைல் நகரத்துக் கால்பந்து மைதானத்தில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். 'வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்' என்று கெட்டிக்காரர்கள் சொன்னார்கள். அடுத்த மார்ச்சில் அலபாமா அவருக்கு 43 சதவீத ஓட்டைக் கொடுத்தது. ஆனால் அயோவாவில் அவரும் முதலில் சறுக்கத்தான் செய்தார். அங்கே டெட் குரூஸ் ஊர் ஊராக ஆள் பிடித்து வைத்திருந்தார்.

கூட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்தவர் பராக் ஒபாமா. 2007 டிசம்பர் 9-ந் தேதி, தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்து மைதானத்தில் அவருக்காக டெலிவிஷன் நட்சத்திரம் ஓப்ரா வின்பிரி வந்தார். அவரைப் பார்க்க ஏறத்தாழ 29,000 பேர் வந்தார்கள். சாதாரணமாக என்ன நடக்கும்? பார்ப்பார்கள், கை தட்டுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். இங்கே அப்படி விடவில்லை. வந்தவர்கள் கையில் ஒரு சீட்டு. அதில் ஓட்டர்கள் சிலரின் பெயரும் டெலிபோன் நம்பரும். 'இப்போதே செல்போனை எடுங்கள். அவர்களோடு பேசுங்கள்' என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் நின்றபடியே பேசினார்கள். மறு மாதம் ஒபாமாவுக்கு 55 சதவீதம், கிளிண்டனுக்கு 27.

அந்த ஒரு நாளில் நடந்ததை 1968-ல் மெக்கார்த்தியின் மாணவர்கள் வாரக்கணக்கில் செய்தார்கள். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து, பதவியில் இருந்த ஜனாதிபதி ஜான்சனையே எதிர்த்து அவர் நின்றார். நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துக்குக் கல்லூரி மாணவர்கள் வந்து குவிந்தார்கள். அந்தக் காலத்து மாணவர்கள் எப்படி இருப்பார்கள்? தோள் வரைக்கும் முடி, மார்பு வரைக்கும் தாடி, பெண்கள் முழங்காலுக்கு மேலே நிற்கும் குட்டைப் பாவாடை. இந்தக் கோலத்தில் ஒரு கிராமத்துப் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினால் அவர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார்.

மாணவர்கள் இதை யோசித்தார்கள். முடியை வெட்டினார்கள். தாடியை மழித்தார்கள். கழுத்தில் டை கட்டினார்கள். பெண்கள் பாவாடையின் நீளத்தைக் கூட்டினார்கள். பனியில் நடந்து, வீடு வீடாக ஏறி, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு, மரியாதையாகப் பதில் சொன்னார்கள். மார்ச் 12-ந் தேதி மெக்கார்த்திக்கு 42 சதவீதம் கிடைத்தது. ஜான்சனுக்குக் கிடைத்தது 49 சதவீதம்தான். மாத முடிவில், இனித் தேர்தலில் நிற்பதில்லை என்று ஜான்சன் அறிவித்துவிட்டார்.

தாடியை எடுக்க மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்த மாணவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை. தெருப் பக்கம் அனுப்பாமல், கட்டடத்தின் நிலவறையில் உட்காரவைத்துக் கடித உறைகளை ஒட்டச் சொன்னார்கள்.