மாத்திரை பற்றிப் பேசப் போகும் முன்



பிள்ளைகளின் கவனக்குறைபாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்குப் பெற்றோர்கள் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தோம். எழுதினார்கள். ஆனால் பல கடிதங்கள் பெரியவர்களைப் பற்றி இருந்தன. தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி, "நீங்க எழுதினது அத்தனையும் எங்க வீட்டுக்காரங்களுக்கே பொருந்துது" என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வியாபாரத்தில் அவர் கணவர் கெட்டி. ஆனால் ஜி.எஸ்.டி. தாக்கலுக்குக் கடைசி நாள் தவறித் தவறி அபராதம் கட்டுகிறார். கரண்ட் பில் முகப்பு மேசையிலேயே கிடக்கிறது. கையில் பணம் இருந்தும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போகிறார்கள். தம்பி மகள் கல்யாணத்தில் மொய் நோட்டு எழுத உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போனவர்தான், திரும்பி வரவில்லை. வயது நாற்பத்து நான்கு.

இருவரும் மதுரைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள். அவர் இது கவனக்குறைபாடுதான், அதாவது ஏ.டி.எச்.டி. என்று சொல்லி, "ரெண்டு மூணு வகை மருந்து இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாராம். இவர்கள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள். பஸ் மேலூரைத் தாண்டும்போதுதான் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக ஞாபகம் வந்ததாம். "அடுத்த தடவை போறப்ப என்ன கேக்கணும்?" என்கிறார் ஆச்சி. இந்தப் பக்கத்தை அவருக்காகவே எழுதுகிறேன். எந்த மருந்து என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் என்ன பேசலாம் என்பதைச் சொல்ல என்னால் முடியும்.

ஆச்சி முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளட்டும். நடிகர் ஃபகத் ஃபாசில் தனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 41 வயதில்தான் தெரிந்தது என்று 2024 மே மாதம் கேரளாவில் ஒரு மேடையில் சொன்னார். 'விக்ரம்', 'மாமன்னன்' பார்த்த நமக்கு அவரைச் சோம்பேறி என்று சொல்ல நாக்கு வருமா? நாற்பதில் தெரியவருவது அபூர்வமும் இல்லை. பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நம் தலைமுறைக்குப் பள்ளியில் இதையெல்லாம் கவனிக்க யாரும் இல்லை. பெண்களுக்கு இன்னும் மோசம். வகுப்பில் ஓடியாடித் தொந்தரவு செய்யாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளையை யார் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்?

மருந்துக்கு முன்னால், இது ஏ.டி.எச்.டி.தானா என்பது உறுதியாக வேண்டும். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது இப்போது உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். நாற்பது வயதில் திடீரென்று கவனம் சிதறினால் அது தைராய்டாக இருக்கலாம், தூக்கக் கோளாறாக இருக்கலாம், மனச்சோர்வாக, பதற்றமாக, குடிப்பழக்கமாகக்கூட இருக்கலாம். அதனால் மருத்துவர் பிள்ளைப்பிராயத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்பார். அதற்கு நம் வீடுகளில் நல்ல சாட்சி உண்டு. நம் பக்கத்து ஆட்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை. இரண்டாம் கட்டு அறையில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் நான்காம் வகுப்பு ராங்க் கார்டு கிடைக்கும். "கெட்டிக்காரன், ஆனால் கவனம் போதாது" என்று சிவப்பு மையில் வாத்தியார் எழுதிய ஒரு வரி ஒரு மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும். அப்பத்தா இருந்தால் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

இனி மருந்து. இந்தியாவில் முக்கியமாகப் பேசப்படுபவை இரண்டு. ஒன்று மெத்தில்ஃபெனிடேட். சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியில் வேலை பார்த்த லியாண்ட்ரோ பனிசோன் 1944-ல் உருவாக்கியது. மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. அதை வைத்தே ரிட்டலின் என்று பெயரிட்டார். இந்த மருந்து மூளையில் டோபமைன், நாரட்ரினலின் என்னும் வேதிப்பொருட்கள் உடனே உறிஞ்சப்பட்டுவிடாமல் தடுத்து அவற்றை அதிக நேரம் வேலை செய்ய வைக்கிறது. சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். வேலை செய்கிறதா என்பது பெரும்பாலும் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், நாடித்துடிப்பும் பிரஷரும் கொஞ்சம் ஏறும்.

இன்னொன்று அடமாக்செடின். இது முன்னதைப் போல ஊக்கி வகை இல்லை. தினமும் சாப்பிட வேண்டும். பலன் முழுதாகத் தெரிய ஒரு மாதம், ஒன்றரை மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்து நாளில் "ஒண்ணும் ஆகலை" என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. ஆரம்பத்தில் குமட்டும், வாய் உலரும். ஆண்களில் சிலருக்குச் சிறுநீர் கழிக்கச் சிரமம், தாம்பத்யத்தில் தடங்கல் வரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு இதை டாக்டரிடம் சொல்லாமல் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம்.

இந்த இரண்டையும் எடைபோடும்போது நம் நாட்டுச் சட்டத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் மருந்து விதிகளில் பட்டியல் எக்ஸில் இருக்கிறது. மருத்துவர் எழுதும் சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். அதற்கென்று தனி உரிமம் உள்ள கடைதான் விற்கலாம், பூட்டிய அலமாரியில்தான் வைக்கலாம். எல்லா மெடிக்கலிலும் கிடைக்காததற்கு இதுதான் காரணம். கடைக்காரர் முறைத்துப் பார்த்தால் உங்களைச் சந்தேகப்படுவதாக நினைத்துக் குறுகிப்போக வேண்டாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் பட்டியல் எக்ஸ் மருந்துகளை போனிலோ வீடியோவிலோ எழுதித்தரக் கூடாது என்கிறது. அடமாக்செடினுக்கு இந்தக் கெடுபிடிகள் இல்லை. ஆகவே காரைக்குடியில் இருந்துகொண்டு மதுரையிலோ திருச்சியிலோ வைத்தியம் பார்ப்பவர் நேராகவே கேட்டுவிடலாம்: "நான் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் வரணும்? ஒரு தடவைக்கு எத்தனை நாள் மாத்திரை எழுதுவீங்க? எங்க ஊர்ல எந்தக் கடையில கிடைக்கும்?" 90 கிலோமீட்டர் போய்வருவது ஒரு நாள் கடையடைப்பு. மருத்துவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

"பழக்கமாயிடுமா?" என்று ஆச்சி இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார். நியாயமான பயம். மெத்தில்ஃபெனிடேட்டைத் தவறாகப் பயன்படுத்த முடியும், அதனால்தான் அத்தனை பூட்டு. மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் சாப்பிடுவது வேறு விஷயம். வீட்டில் யாருக்காவது குடியோ போதையோ பழக்கமாக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் மருத்துவர் தவறான மருந்தைத் தேர்ந்தெடுக்க நாமே காரணமாவோம்.

மறைக்கக் கூடாதவை இன்னும் உண்டு. நெருங்கிய உறவில் யாராவது நாற்பதுக்குள் திடீரென்று மாரடைப்பிலோ மயங்கி விழுந்தோ இறந்திருந்தால் அது மிக முக்கியம். பிரஷர், நெஞ்சுப் படபடப்பு, கண்ணில் நீரழுத்தம், வலிப்பு எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒருகாலத்தில் ராத்திரி பகல் தூங்காமல் தலைகால் புரியாத உற்சாகத்தில் திரிந்த காலம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்செடினோ பராக்செடினோ சாப்பிடுபவர்களுக்கு அடமாக்செடின் உடம்பில் அளவுக்கு மேல் தங்கிவிடும். வல்லாரை லேகியம், நாட்டு மருந்து எதுவானாலும் பெயர் சொல்லுங்கள். பெண்கள் கர்ப்பமாக இருந்தாலும், அதற்கான யோசனை இருந்தாலும், பால் கொடுத்தாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும்.

நம் வாழ்க்கைமுறை சார்ந்த கேள்விகளைப் பெரும்பாலானோர் அற்பம் என்று நினைத்து விழுங்கிவிடுகிறார்கள். அவைதான் உண்மையான கேள்விகள். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் வெயிலில் நாள் முழுக்க நடக்கும்போது நாடித்துடிப்பை ஏற்றும் மாத்திரையை எடுக்கலாமா என்று கேட்க வேண்டும். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர் வெறும் வயிற்றில் மருந்து சேருமா என்று கேட்க வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் மதியப் பசியை அடக்கிவிடும் என்பதால் காலைப் பலகாரத்தைத் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடச் சொல்வார்கள் பலர். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்பதையும் கேட்பார்கள். உண்மையான எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள், வீட்டுக் காபி, கடைக் காபி இரண்டையும் சேர்த்து.

மருந்து ஆரம்பித்த பிறகு 'நல்லாருக்கு', 'நல்லால்ல' என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. ஆச்சிக்கு என் யோசனை: பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே விஷயம் எழுதுங்கள். கடையடைக்கும் முன் கணவர் அன்றைய கணக்கை முடித்தாரா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினார்? பக்கத்து மெடிக்கலில் வாரம் ஒருமுறை பிரஷர் பார்த்து ஓரத்தில் குறித்துவிடுங்கள், மாதம் ஒருமுறை எடையும். அந்த நோட்டோடு போனால் அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று மருத்துவரால் சொல்ல முடியும். குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுவதுதான் முறை. முதல் சீட்டே கடைசிச் சீட்டாக இருக்காது. மாத்திரை கவனத்துக்குத்தான் உதவும். ஜி.எஸ்.டி.க்கு ஓர் ஆளைப் போடுவதும், கரண்ட் பில்லைத் தானாகக் கட்டும்படி வங்கியில் ஏற்பாடு செய்வதும் அதன்கூடவே நடக்க வேண்டும். மருந்தே வேண்டாம், முதலில் ஆலோசனையும் பழக்க மாற்றமும் போதும் என்று முடிவெடுக்கவும் கணவருக்கு உரிமை உண்டு. அதையும் டாக்டரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

"வெளியே தெரிஞ்சா பிள்ளைக்குச் சம்பந்தம் பேசறப்ப என்ன ஆகும்?" என்று ஆச்சி கடிதத்தின் ஓரத்தில் பொடியெழுத்தில் எழுதியிருக்கிறார். நம் ஊரில் இந்தக் கவலை எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். சட்டம் அனுமதிக்கும் சில சந்தர்ப்பங்களைத் தவிர உங்கள் சம்மதமில்லாமல் அதை வெளியே சொல்லக் கூடாது. அதே சட்டம், என்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவு என்று தெரிந்துகொள்ளும் உரிமையையும் உங்களுக்குத் தருகிறது. எனவே கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து மகன் திரும்பி வருவதாக எழுதிய கானாடுகாத்தான் வாசகருக்கு ஒரு வார்த்தை. ஏ.டி.எச்.டி.க்காக அங்கே அவர் சாப்பிடும் ஆடெரால் இங்கே மருந்துக்கடைகளில் கிடைக்காது. கிளம்புவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அங்குள்ள மருத்துவரிடம் பேசி, இங்கே கிடைக்கும் மருந்துக்கு மாறுவது பற்றி முடிவு செய்து, சிகிச்சைக் குறிப்பையும் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ இந்த வகை மருந்தோடு போகிறவர்கள் அந்தந்த நாட்டின் முன் அனுமதி விதியைப் பார்க்காமல் பெட்டி கட்டக் கூடாது. சில நாடுகளில் சிலவற்றுக்கு அனுமதியே கிடையாது.

மதுரைக்குப் போக வசதியில்லாதவர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். மெத்தில்ஃபெனிடேட்டை அங்கே எழுதித்தர மாட்டார்கள், ஆனால் அடுத்து யாரிடம் போவது என்று கேட்டுக்கொள்ளலாம்.

தேவகோட்டை ஆச்சி அடுத்த முறை மதுரை போய்வந்ததும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்