சூடாக இருப்பதெல்லாம் மோட்டார் அல்ல

சைக்கிள் பந்தயத்தில் மோசடி என்றதும் நமக்கு லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கும் ஊக்கமருந்தும்தான் ஞாபகத்துக்கு வரும். மருந்தெல்லாம் எதற்கு, ஃபிரேமுக்குள் ஒரு குட்டி மோட்டார் போதுமே என்று யோசித்தவர்களும் இருக்கிறார்கள். சினிமாக் கதை இல்லைங்க, நிஜம்!

2016 ஜனவரியில் பெல்ஜியத்தின் ஸோல்டரில் சைக்ளோகிராஸ் உலகப் போட்டி நடந்தது. ஃபெம்கே வான் டென் ட்ரீஷே என்ற 19 வயது வீராங்கனைக்காக வைத்திருந்த சைக்கிளில், சீட்டைத் தாங்கும் குழாய்க்குள் மோட்டார் ஒளிந்திருந்தது. 'அது நண்பருடைய சைக்கிள், தவறுதலாக வந்துவிட்டது' என்றார். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஏற்கவில்லை. 6 ஆண்டுத் தடை, 20,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம்.

அதே ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சு தொலைக்காட்சி நிகழ்ச்சியான 'ஸ்டாட் 2', இத்தாலியப் பத்திரிகை 'கொரியேரே தெல்லா சேரா'வுடன் சேர்ந்து ஒரு குண்டைப் போட்டது. இத்தாலியப் பந்தயங்களில் மறைவாக வெப்பக் கேமரா வைத்துப் பார்த்தார்களாம், ஏழு சைக்கிள்களில் மோட்டார் இருப்பதாகத் தெரிந்ததாம். ஒரே பரபரப்பு. அந்த ஜூலையில் நடந்த டூர் டி பிரான்ஸில் பிரான்ஸ் அணுசக்தி ஆணையம் உருவாக்கிய வெப்பக் கேமராக்களையே இறக்கினார்கள். ஒரு மோட்டாரும் சிக்கவில்லை.

அந்தக் கேமரா அப்படி என்னதான் பார்க்கிறது? எந்த மோட்டாரும் மின்சாரம் முழுவதையும் உழைப்பாக மாற்றாது. 80 சதவீதத் திறனுள்ள மோட்டார் பெடலுக்கு 100 வாட் கொடுத்தால், 25 வாட் சூடாக வெளியேறும். அந்தச் சூடு மேற்பரப்புக்கு வந்ததும் அகச்சிவப்புக் கதிராகக் கேமராவில் தெரியும். ஓடுகிற சைக்கிளைத் தொடாமலேயே, தூரத்திலிருந்தே பார்க்கலாம். இதுதான் அதன் பெரிய பலம்.

அப்புறம் என்ன பிரச்சனை என்கிறீர்களா? சூடாவதற்கு மோட்டார்தான் வேண்டும் என்றில்லையே! பேரிங் உராயும், டயர் தேயும், பிரேக் பிடித்தால் சக்கரம் சுடும். வீரரின் தொடைச்சூடு கூட ஃபிரேமில் பட்டுப் பிரதிபலிக்கும். அதுவும் போக, மோட்டாரை ஒரு ஏற்றத்தில் மட்டும் போட்டுவிட்டு அணைத்தால், கொஞ்ச நேரத்தில் காற்று பட்டு ஆறிவிடும். குற்றமே செய்யாதவர் படத்தில் சிவப்பாகத் தெரியலாம், குற்றவாளி நீலமாக நழுவிப் போகலாம்.

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்மூரில் சொல்வார்களே, அது இந்தக் கேமராவுக்கு அப்படியே பொருந்தும். அந்த ஏழு சைக்கிள்களையும் அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு வண்ணப்படம் மட்டும் உலகம் முழுக்கப் பரவியது. அதனால் அந்தப் பந்தயங்களில் ஓடிய அத்தனை பேர் மீதும் சந்தேகம் விழுந்தது. மோட்டார் இருந்திருந்தால் மோசடிக்காரர் தப்பித்தார். இல்லாதிருந்தால் ஒரு அப்பாவியின் மானம் போனது. இரண்டில் எது நடந்திருந்தாலும் அநியாயம்தான்.

அதற்காகக் கேமராவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. 2018-ல் சம்மேளனம் நடமாடும் எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்தது. ஃபிரேமுக்குள் இருப்பதை அது சில நிமிடங்களில் காட்டிவிடும். ஆனால் சைக்கிள் அதற்குள் வந்து நிற்க வேண்டும். வழியில் சைக்கிளை மாற்றிவிட்டு, சுத்தமான ஒன்றில் முடிவுக்கோட்டைத் தொட்டால்? அங்கேதான் வெப்பக் கேமரா உதவும். சாலையில் சந்தேகப்படுவது அதன் வேலை. உடனே அந்த சைக்கிளைக் கைப்பற்றி உறுதி செய்வது எக்ஸ்ரேயின் வேலை, ஸ்க்ரூ டிரைவரின் வேலை. அதுவரை படம் வெளியே போகக்கூடாது.

வீரரின் ரத்தத்தில் மருந்தைத் தேடும்போது கூட 'பி' மாதிரி என்று இரண்டாவது வாய்ப்பு தருகிறார்கள். சைக்கிளுக்கு மட்டும் ஒரே படத்தில் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்?