கொட்டைப்பாக்குக்கு இருக்கிற உரிமை

எங்க அப்பா தூத்துக்குடியில ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை பார்க்கிறார். அதனால கஸ்டம்ஸ் சட்டம் எங்க வீட்டுல ராத்திரி சாப்பாட்டோட சேர்ந்தே வரும். 1962-ம் வருஷச் சட்டம், 124-வது பிரிவு. சரக்கைப் பறிமுதல் செய்யணும்னா முதல்ல உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கணும், காரணம் சொல்லணும், அவர் பக்கத்தையும் கேட்கணும். கன்டெய்னர்ல திருட்டுத்தனமா கொட்டைப்பாக்கு வந்தாலும் இதேதான்.

சரி, ஒரு மனுஷன் வந்தா?

2019 ஆகஸ்ட் 1. மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோன 'விர்கோ 9' இழுவைப்படகு தூத்துக்குடிக்குத் திரும்புது. போகும்போது 9 பேர், வரும்போது 10. பத்தாவது ஆள் மாலத்தீவோட முன்னாள் துணை அதிபர் அகமது அதீப். அடைக்கலம் கேட்டு வந்தவர். கரையில கால் வைக்க விடலை. படகுலயே வச்சு விசாரிச்சாங்க. முறையான ஆவணம் இல்லை, முறையான வழியில வரலைன்னு வெளியுறவுத்துறை சொல்லிச்சு. சில நாள்லயே அதே படகுல திரும்பிப் போய் மாலத்தீவு போலீஸ் கையில சேர்ந்துட்டார்.

அவர் உத்தமர்னு நான் சொல்ல வரலை. 2020-ல ஊழல் வழக்குல 20 வருஷத் தண்டனை வாங்கினவர். ஆனா கொட்டைப்பாக்கு மட்டும் உத்தமமா என்ன? :-) நடுக்கடல்ல நிக்கிறவன் மதுரை ஐகோர்ட் கிளைக்கு எப்படி வருவான்? வழக்கு போட முடியாத இடத்துலயே ஆளை நிறுத்திட்டா, வழக்கே கிடையாது.

கரைக்கு வந்தவங்களுக்கு கோர்ட் உதவியிருக்கு. ராஜீவ் கொலைக்கு அப்புறம் 1992-ல ஈழ அகதிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சாங்க. 'விருப்பப்பட்டுத்தான் போறோம்'னு கையெழுத்து வாங்கின படிவம் இங்கிலீஷ்ல! பழ.நெடுமாறனும் டாக்டர் ராமதாஸும் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனாங்க. அந்த வருஷமே ஐ.நா. அகதிகள் ஆணையம் உள்ள வந்து, நிஜமாவே விருப்பம்தானான்னு ஒவ்வொருத்தரையும் கேட்க ஆரம்பிச்சுது. 1996-ல சக்மா அகதிகள் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதும் இதுதான்: 21-வது பிரிவு தர்ற உயிர்ப் பாதுகாப்பு குடிமகனுக்கு மட்டும் இல்லை, எல்லா மனுஷருக்கும்.

அதே சுப்ரீம் கோர்ட் 2025 மே மாசம், தண்டனை முடிச்ச ஒரு இலங்கைத் தமிழர், திரும்பிப் போனா உயிருக்கு ஆபத்துன்னு கேட்டப்போ, இந்தியா தர்மசத்திரம் இல்லைன்னு சொல்லி மனுவைத் தள்ளுபடி பண்ணிச்சு. வேற நாட்டுக்குப் போகச் சொன்னாங்க. எந்த நாடு? அது ஜட்ஜுங்க கவலை இல்லை.

'பாஸ்போர்ட் இல்லாம வந்தா அனுப்பத்தானே செய்வாங்க'ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். அனுப்பட்டும்டா, கேட்டுட்டு அனுப்பட்டும். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்து போடலை. அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் இல்லை. அதனால எல்லாமே அந்தந்த ஜட்ஜோட மனசைப் பொறுத்ததாகிப் போச்சு. பாக்குக்கு 124 இருக்கு, ஆளுக்கு எந்த நம்பர்?

2025 செப்டம்பர்ல புதுக் குடியேற்றச் சட்டம் அமலுக்கு வந்தப்போ ஒரு விலக்கு கொடுத்தாங்க. 2015 ஜனவரி 9-க்குள்ள வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்கள் மேல பாஸ்போர்ட், விசா இல்லைன்னு வழக்கு வராது. நல்ல விஷயம். நம்ம மாவட்டத்துல தாப்பாத்தி, குளத்துவாய்ப்பட்டி முகாம்ல இருக்கிறவங்க கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனா 2022-ல இலங்கையில அரிசிக்கும் பால்பவுடருக்கும் வழியில்லாம, கைக்குழந்தையோட தனுஷ்கோடி மணல்ல வந்து இறங்கினாங்களே, அவங்க அந்தத் தேதிக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க.