சுடணும்னா... யாரை?

சார், உங்க அத்தான் கப்பல்காரரா? அப்படியென்றால் நான் பட்டதில் பாதியாவது நீங்களும் பட்டிருப்பீர்கள்.

என் அத்தானுக்கு ஒன்பது மாதம் கப்பல், மூணு மாதம் ஆலந்தலை. அந்த மூணு மாதமும் மெக்ஸிகோ புராணம்தான். அங்கே ஒரு துறைமுகத்தில் 'கார்னே அசாதா' சாப்பிட்டாராம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சுட்ட மாட்டுக்கறி, அவ்வளவுதான்! "வீட்லயே செஞ்சு தாரேன்" என்று அக்காவிடம் சத்தியம் பண்ணியது போன லீவில். இந்த லீவும் முடிந்து, திங்கட்கிழமை மும்பைக்கு டிக்கெட். அக்கா வாய் திறந்து கேட்கவில்லை. பெட்டிக்குள் துணியை அவள் திணித்த வேகத்தில் எல்லாம் தெரிந்தது.

சென்னையிலிருந்து வழியனுப்ப வந்த என்னைச் சனிக்கிழமை உடன்குடிக்கு விரட்டினார்கள்.

"குழம்புக்கா, வறுவலுக்கா தம்பி?"

"சுடணும்ணே."

கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "யாரை?"

ஒருவழியாக விளக்கி, கால் இஞ்ச் கனத்தில் பட்டை பட்டையாக ஒன்றரைக் கிலோ வாங்கி வந்தேன்.

மசாலா? எலுமிச்சைச் சாறு, பூண்டு, வரமிளகாய், சீரகம், மல்லித்தழை, எண்ணெய், உப்பு. "இதுல என்னத்த மெக்ஸிகோ?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி! மிளகாய் அந்தப் பக்கத்து ஆள். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம்மிடம் வந்தது. மாடும் எலுமிச்சையும் சீரகமும் மல்லியும் ஸ்பெயின்காரன் கப்பலில் அங்கே போனவை. ஆக, எல்லாமே அத்தான் மாதிரி கப்பலேறின கேஸ்தான்.

"ரெண்டு மணி நேரம் ஊறினாப் போதும் மாப்ள" என்றார் அத்தான். நான் கேட்டால்தானே? எதையும் ஊறப்போட்டே பழகிய ஆபீஸ் புத்தி! ராத்திரியே எட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு கிலோவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கினேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து திறந்தால்... வெளுத்துப்போய்க் கொழகொழவென்று கிடக்கிறது. நெருப்பே இல்லாமல் எலுமிச்சை அமிலம் கறியை வேகவைத்துவிடுமாம். ஒரு துண்டைச் சுட்டுப் பார்த்தோம். மேலே மாவு, உள்ளே செருப்பு!

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நல்லவேளை, அரைக் கிலோவை அம்மா தனியாக ஒளித்து வைத்திருந்தாள். (பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளை லட்சணம்?) அதை ரெண்டே மணி நேரம் ஊறவிட்டோம். கருவாடு சுடும் கம்பி வலையைக் கழுவி, கொல்லையில் கரியைப் பற்றவைத்தோம். தணல் வெள்ளையாகப் பூத்ததும் கறியைப் பரப்பினோம். புகை எழும்பியதும் அத்தான் மூக்கை உறிஞ்சினார்.

"ஏல... இதே வாசம்லா!"

விஷயம் என்னவென்றால், வட மெக்ஸிகோவில் கறி சுடுவது மெஸ்கீட் கரியில். நம்ம சீமைக்கருவேலத்துக்கு அது சித்தப்பா மகன் முறை. சீமைக்கருவேலத்துக்கே மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம்தான் பூர்வீகம். 1870-களில் வெள்ளைக்காரன் விறகுக்கென்று இங்கே கொண்டுவந்தான். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே, வெட்டச் சொல்லி ஹைகோர்ட் வரை வழக்கு!

பக்கத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் சூடு. இறக்கி அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நெடுக்க வெட்டினால் ராத்திரி வரை மென்றுகொண்டிருக்கலாம். அந்த ஊரில் கோதுமை ரொட்டியில் சுருட்டுவார்களாம். நமக்கு வீச்சுப் பரோட்டா இருக்கக் கவலையென்ன?

முதல் சுருளை அத்தான் அக்காவின் தட்டில் வைத்தார். கடித்தாள். மென்றாள். எனக்கு மூச்சே வரவில்லை.

"உப்பு கம்மி" என்றாள். அடுத்ததை அவளே எடுத்துக்கொண்டாள்.

அம்மா மட்டும் யோசனையாகவே இருந்தாள். "இந்த மரத்துக்கு அந்த ஊருதான் சொந்த ஊராய்யா?"

"ஆமா அத்த."

"அப்ப நம்ம கொல்லையில நிக்கிற பூராத்தையும் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோயி அங்கனயே விட்டுட்டு, நீங்க மட்டும் வெரசா வந்து சேருங்க மாப்ள!"